ஓணான் முதுகில் டார்ச் லைட்

சலூன் வாசலில் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். உள்ளே போனது தண்டபாணி அண்ணன். வெளியே வந்தது வேறு யாரோ.

ஒரு மனிதனின் மேல் உதடு அவ்வளவு வெளுப்பாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. முகத்தின் மற்ற இடமெல்லாம் சுரங்கத்து வெயிலில் கறுத்திருந்தது. மூக்குக்குக் கீழே மட்டும், சுவரில் வெகுநாள் மாட்டியிருந்த படத்தைக் கழற்றினால் தெரியுமே, அந்த மாதிரி ஒரு பட்டை. படிகாரம் தேய்த்த ஈரம் அதில் பளபளத்தது.

"இன்னாடா பாக்கற? வண்டிய எடு" என்றார். குரல் மட்டும் பழையது.

"வேணாம்னு சொன்னனேண்ணே."

"நீ ஒருத்தன் வேணாம்னு சொன்ன. நான் நாலு பேரு முன்னாடி எடுக்கறேன்னு சொன்னேன். எது பெருசு?"

நான் வண்டியை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்தவர் வழியெல்லாம் உதட்டைத் தடவிக்கொண்டே வந்தார். "காத்து ஜில்லுனு அடிக்குதுடா" என்றார் ஒருமுறை, ஏதோ புதிய ஊரைப் பார்த்தவர் போல.

இத்தனைக்கும் காரணம் ஒரு ஓணான். அந்த ஓணானுக்குப் பின்னால் இருந்தது ஒளி.

பேசாதவனும் மீசைக்காரரும்

பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை வாரிப் போடுவது என் வேலை என்று முன்பே எழுதியிருக்கிறேன். சுரங்கத்தில் வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு கண்ணுக்கு எட்டாத தூரம் வரைக்கும் ஓடுகிற ரப்பர் ரோடு அது. நான் காண்ட்ராக்ட். தண்டபாணி அண்ணன் பெர்மனென்ட். அந்த பெல்ட்டை ஓட்டுகிற ஆபரேட்டர். என் ஊர் வடக்குத்து. அவருக்குச் சொந்த ஊர் திருவதிகை, இருப்பது நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில்.

அவர் மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு முனையும் மேல்நோக்கித் திரும்பி நிற்கும். டீ குடிக்கும்போது கீழ் உதட்டை மட்டும் நீட்டி, மீசை நனையாமல் உறிஞ்சுவார். ஷிப்ட் பஸ் டிரைவர் கிளம்பும் முன் திரும்பிப் பார்த்து, "மீசை ஏறிடுச்சா?" என்று கேட்பார். யாரும் தண்டபாணி ஏறிவிட்டாரா என்று கேட்டதில்லை.

நான் அதற்கு நேர் எதிர். பத்தாவது வரை படித்தேன். வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வாய் வராது. கையை மட்டும் தூக்குவேன். வாத்தியார் நிமிர்ந்து பார்க்காத நாட்களில் எனக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கிறது. இந்தத் தொடரைக்கூட எழுதுவதால்தான் சொல்ல முடிகிறது. பேசச் சொல்லியிருந்தால் முதல் வாரமே நின்றிருக்கும்.

பேசாதவனுக்கு ஒரு வசதி உண்டு. காது சும்மா இருக்கும்.

நேற்றைய மாவு, பழைய சூரியன்

டவுன்ஷிப்பிலிருந்து சுரங்கத்துக்குப் போகும் பஸ்ஸில் எல்லோரும் போனில் ஏதாவது கேட்பார்கள். நான் ஒருநாள் பாட்டுத் தேடும்போது விரல் தவறி ஒருவர் பேசுவதைத் தொட்டுவிட்டேன். அறிவியல் பேச்சு, நல்ல தமிழில். மாற்றலாம் என்று நினைத்த நேரத்தில் அவர் சொன்னார்: நீங்கள் ஒளியை நோக்கி ஓடினாலும், ஒளியை விட்டு விலகி ஓடினாலும், அது உங்களைக் கடக்கும் வேகம் ஒன்றேதான்.

நான் மாற்றவில்லை. அது எப்படி முடியும்? எதிரே வரும் பஸ் நம்மை விர்ரென்று கடக்கிறது. கூடவே வரும் பஸ் மெதுவாகக் கடக்கிறது. இது கண் முன்னால் நடப்பது. ஒளிக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

நம்ப முடியவில்லை. நம்ப முடியாததாலேயே மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும்.

அந்தப் பேச்சில் இன்னொன்றும் இருந்தது. சூரியனிலிருந்து புறப்பட்ட வெளிச்சம் நம்மிடம் வந்து சேர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறதாம். அப்படியென்றால் நாம் பார்ப்பது இப்போதைய சூரியன் இல்லை, கொஞ்சம் பழையது. காலையில் வேலை முடிந்து மேலே வந்ததும் கிழக்கே பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எட்டு நிமிசம் பழைய சூரியனா? அதுக்கு இன்னா இப்ப? நானும் நேத்து மாவுலதான் ஊத்தறேன். துண்ணுட்டுப் படு."

அதோடு வீட்டில் அந்தப் பேச்சு முடிந்தது. என் மனதில் முடியவில்லை. ஓடுகிற எதைப் பார்த்தாலும் அதன் மேல் ஒரு விளக்கை ஏற்றி வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. நெய்வேலியில் ஓடாத பொருள் எது? லாரி ஓடுகிறது, பெல்ட் ஓடுகிறது, பெல்ட்டுக்கு அடியில் உருளைகள் ஓடுகின்றன.

ஓசிப் பயணம்

அன்று மதிய ஷிப்ட். டீ நேரத்தில் தகர ஷெட்டில் உட்கார்ந்திருந்தோம். எதிரே பெல்ட் மண்ணோடு ஓடிக்கொண்டிருந்தது. முருகேசன்தான் முதலில் பார்த்தான். அவனும் என்னைப் போல மண் வாருகிறவன். ஆனால் என் பங்குப் பேச்சையும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

"ஏய், பாரு பாரு! ஓணான் ஓசியில போவுது!"

பெல்ட் மேல் ஒரு ஓணான், எங்கிருந்து விழுந்ததோ. பயத்தில் அது பெல்ட் போகும் பக்கமாகவே ஓடியது. கண் இமைப்பதற்குள் எங்களைத் தாண்டிவிட்டது.

"இன்னா ஓட்டம்டா சாமி!"

"அது ஓடறது பாதிதான்" என்றார் தண்டபாணி அண்ணன். "பெல்ட்டு ஓடறது மீதி. ரெண்டையும் கூட்டிக்க. நின்னுகினு இருக்கற நமக்கு அவ்ளோ ஸ்பீடாத் தெரியும். அதே ஓணான் இந்தப் பக்கம் திரும்பி ஓடியிருந்தா இன்னும் நம்ம மூஞ்சிக்கு நேராவே இருந்திருக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னது சரிதான். நானும் தலையாட்டியிருக்கலாம்.

"லைட்டுக்கு மட்டும் அப்படி வேகம் சேராதுண்ணே."

முருகேசன் பெஞ்சுக்குக் கீழே குனிந்து பார்த்தான். "யாருடா பேசனது?"

"இன்னா சொன்ன சேகரு?" என்றார் அண்ணன்.

வாயை விட்டது விட்டதுதான். "ஓணான் முதுகுல ஒரு டார்ச்ச கட்டி வுடுங்க. அதுலேர்ந்து வர்ற வெளிச்சத்துல ஓணான் வேகமும் சேராது, பெல்ட்டு வேகமும் சேராது. சும்மா நிக்கற டார்ச்சுலேர்ந்து வர்ற அதே வேகம்தான்."

"அது எப்பிட்றா சேராது? ஓடற லாரியிலேர்ந்து முன்னால கல்லெறிஞ்சா வேகமா போவுமா, போவாதா?"

"போவும்ணே. கல்லுக்குச் சேரும். லைட்டுக்குச் சேராது."

"லைட்டு இன்னா உங்க மாமனாரா, மரியாத குடுத்துத் தனியா ஒதுக்கி வைக்க?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னதையே சொன்னேன்: "சேராதுண்ணே."

அவருக்கு அது சுருக்கென்றிருக்க வேண்டும். எத்தனையோ வருடமாக எதைச் சொன்னாலும் தலையாட்டியவன் ஆயிற்றே நான். மீசை முனையை முறுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். "படிச்சவங்க யாராவது சேராதுன்னு சொல்லட்டும், இந்த மீசைய வழிச்சுடறேன்."

"படிச்சவங்கன்னா யாருண்ணே?" என்றான் முருகேசன்.

"வேற யாரு? எம் பொண்ணுதான்."

அவர் மகள் கலைவாணி இயற்பியலில் எம்.எஸ்சி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். அப்பன் பேச்சுக்கு எதிராக மகள் தீர்ப்புச் சொல்ல மாட்டாள் என்பது அவர் நம்பிக்கை.

"சேகரு தோத்தா?"

"தோத்தா ஒரு வாரம் ஷிப்ட் பஸ்ஸுல எழுந்து நின்னு பாடணும்."

பாடுவதற்குப் பதில் மீசையைக் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மீசை என்றால் வளர்ந்துவிடும்.

மஞ்சள் கோடுகள்

கலைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மேல்பட்டாம்பாக்கம். நாங்கள் மூவரும் குவார்ட்டர்ஸுக்குப் போனபோது அவளும் அவள் அம்மா மல்லிகா அண்ணியும் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள்.

பந்தயத்தைப் பற்றி அண்ணன் மூச்சு விடவில்லை. "ஏம்மா, ஓடற பெல்ட்டு மேல டார்ச்சடிச்சா வெளிச்சம் வேகமாப் போவுமா?" என்று, மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டார்.

"போவாதுப்பா. அதே வேகம்தான்." அவள் நிமிரக்கூட இல்லை.

அண்ணன் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. "நல்லா யோசிச்சு சொல்லும்மா."

அப்பாவுக்கு இதில் இவ்வளவு ஆர்வமா என்று அவளுக்குச் சந்தோஷம். எழுந்து போய் இரண்டு எவர்சில்வர் தட்டு எடுத்து வந்தாள். ஒன்றைத் தரையில் வைத்தாள். இன்னொன்றை அதற்கு மேலே கவிழ்த்துப் பிடித்தாள்.

"கீழ்த் தட்டுலேர்ந்து ஒரு துளி வெளிச்சம் மேல போவுது. மேல் தட்டுல முட்டித் திரும்பி வருது. ஒருமுறை போய் வந்தா ஒரு டிக். இதான் நம்ம கடிகாரம். இத ஓடற பெல்ட்டு மேல வைக்கலாம்."

மஞ்சள் விரலால் கீழே விரித்திருந்த செய்தித்தாளில் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தாள். "பெல்ட்டு மேலயே உக்காந்துகினு போறவருக்கு வெளிச்சம் இப்படி நேரா ஏறி இறங்கும். ஆனா ஷெட்டுல நிக்கற உங்களுக்கு? அது மேல போறதுக்குள்ள தட்டு நகந்துடுது." இப்போது சாய்வாக ஒரு கோடு ஏறி, சாய்வாக இறங்கியது, கூரை போல. "எந்தக் கோடுப்பா நீளம்?"

"சாஞ்சதுதான்."

"நீளமான வழி. வேகத்தக் கூட்டவே கூடாது. அப்ப இன்னா ஆவும்?"

"நேரம் புடிக்கும்" என்றார் அண்ணன்.

"அவ்ளோதான்! நிக்கற உங்க கணக்குல அந்தக் கடிகாரம் மெதுவா ஓடுது. கடிகாரம் மட்டும் இல்ல, பெல்ட்டு மேல இருக்கற ஓணானுக்கு நேரமே மெதுவாத்தான் போவுது. பெல்ட்டு வேகத்துக்குத் தெரியவே தெரியாது. கிட்டத்தட்ட வெளிச்சத்தோட வேகத்துல ஓடினாத்தான் தெரியும்."

தன் வாயாலேயே தான் தோற்றது அவருக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. நான் அதைக் கவனிக்கவில்லை. அந்த மஞ்சள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ முறை காதில் கேட்டது, இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. வேகம் விட்டுக்கொடுக்காததால் நேரம் விட்டுக்கொடுக்கிறது.

"அப்ப யாரு கணக்கு சரி?" என்று கேட்டுவிட்டேன். "நிக்கறவன் கணக்கா, ஓடறவன் கணக்கா?"

"ரெண்டுமே சரிதான் சித்தப்பா. நேரத்துல ஒத்துப்போவ மாட்டாங்க. வெளிச்சத்தோட வேகத்துல மட்டும் ஒத்துப்போவாங்க." நல்ல கேள்வி கேட்ட மாணவனுக்குக் கிடைக்கும் சிரிப்பு எனக்குக் கிடைத்தது. "இன்னொண்ணு கேளுங்க. சுரங்கத்து அடியில ஒரு கடிகாரம், மேல ஒரு கடிகாரம் வெச்சா, அடியில இருக்கறது துளி மெதுவா ஓடும். பூமியோட இழுப்பு இருக்கில்ல, அதுக்கும் நேரம் வளையும்."

அண்ணனுக்கு உயிர் வந்தது. "அப்ப நான் அடியில கெடந்த வருசத்துக்கெல்லாம் ரிட்டையர்மென்ட்ட தள்ளிப் போடுவாங்களா?"

"மொத்தமாச் சேத்தாலும் ஒரு கண் சிமிட்டற நேரம்கூடத் தேறாதுப்பா."

மே மாதத்தில் சுரங்கத்துச் சாலை தண்ணீர் போல நெளியுமே, அதுவும் ஒளி வளைவதுதானா என்று கேட்டேன். அது சூடான காற்று செய்வது, வேறு கதை என்றாள். ஆனால் சூரியனைப் போல் கனமான ஒன்றை உரசிப் போகும் வெளிச்சம் உண்மையாகவே வளைகிறதாம். "அதப் பொறுத்தவரைக்கும் அது நேராத்தான் போவுது சித்தப்பா. போற எடந்தான் வளைஞ்சிருக்கு."

போகிற இடமே வளைந்திருக்கிறது. இதை எழுதும் இன்றும் இந்த ஒரு வரி எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. பிடிபடாததைக் கூடவே வைத்துக்கொண்டிருப்பதும் ஒரு சுகம்தான்.

அண்ணன் கடைசி முயற்சி செய்தார். "ஒண்ணுமே கூடாதாம்மா? ஒரு துளிகூட?"

"வேகம் கூடாது. நிறம் வேணா துளி மாறும். நம்மள நோக்கி வந்தா நீலப் பக்கம், விலகிப் போனா செவப்புப் பக்கம்."

"பாத்தியா! ஏதோ ஒண்ணு மாறுதில்ல!"

முருகேசனால் அடக்க முடியவில்லை. "அண்ணே, குப்புற வுழுந்துட்டு மீசையில மண்ணு ஒட்டலங்கறீங்களே!"

கலை சட்டென்று நிமிர்ந்தாள். "மீசைக்கு இன்னா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "ஐயோ அப்பா!"

குடிக்காத தண்ணீர்

மறுநாள் காலையில்தான் சலூன்.

கதவைத் திறந்த மல்லிகா அண்ணி ஒரு நொடி யாரோ என்று பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "படுபாவி! கல்யாணப் பந்தக்கால் நடப்போற நேரத்துல! யாரு செத்தாங்கன்னு கேக்க மாட்டாங்க?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அண்ணனுக்கும் அப்போதுதான். எங்கள் பக்கத்தில் பங்காளி வீட்டில் சாவு விழுந்தால்தான் கருமாதியில் ஆண்கள் மீசை எடுப்பார்கள். தீட்டு கழிகிற வரைக்கும் அந்த வகையறாவில் நல்ல காரியம் கிடையாது. தன் வார்த்தையை நினைத்தவர், தன் உதடு ஊருக்கு என்ன சொல்லும் என்று நினைக்கவில்லை.

வெளியில் போகாமல் இருந்தால் சமாளித்துவிடலாம் என்று பார்த்தோம். ஆனால் அந்த வாரமே, பந்தல் விஷயம் பேச, மாப்பிள்ளையின் அப்பா கோவிந்தசாமி வந்துவிட்டார். அமைதியான விவசாயி. நானும் அங்கே இருந்தேன்.

வாங்க வாங்க என்று எழுந்த அண்ணனைப் பார்த்ததும் அவர் கால் வாசலிலேயே ஒரு தடவை தயங்கியது. வந்து உட்கார்ந்தார். அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் கை அதன் பக்கம் போகவில்லை.

"யாருங்க சம்பந்தி... தவறிட்டாங்க?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. ஒரு பந்தயம்."

"பந்தயமா?"

"லைட்டு விசயமா..." அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொம்பைப் பார்த்தேன்.

கோவிந்தசாமி தலையை மெதுவாக ஆட்டினார். கேட்டதை நம்பாதவர்கள் ஆட்டும் ஆட்டம். "முகூர்த்தம் கிட்ட வந்துடுச்சு. தீட்டு கீட்டு இருந்தா சொல்லிடுங்க, தள்ளி வெச்சுக்கலாம். மறைச்சு செய்யறது நல்லதுக்கில்ல. வூட்ல கலந்துகினு சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டார்.

சொம்பில் தண்ணீர் வைத்தபடியே இருந்தது. சாவு வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அவர் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனது அதுதான். உள் அறையிலிருந்து வந்த கலை அந்தச் சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொன்னதற்கு இப்படி ஒரு பலனா என்று யோசித்தாளோ என்னவோ.

"சேகரு, நீதான ஆரம்பிச்ச" என்றார் அண்ணி. "நீயே போயி சொல்லிட்டு வா."

"நானா? முருகேசன..."

"அவன் போனா கல்யாணமே நின்னுடும். எங்க வாயால சொன்னா மூடி மறைக்கறதாத் தெரியும். நீ ஊமக்கோட்டான். உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

"துணைக்கு நானும் மீசைய எடுத்துட்டுப் போவட்டுமா அண்ணி?" என்றேன்.

"எதுக்கு, ரெண்டு சாவுன்னு நெனைக்கவா?"

மல்லாட்டைக் கூடை

பண்ருட்டியில் பஸ் மாறினேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். கரும்பு லாரி ஒன்று எங்கள் பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஒரே வேகத்தில் வந்தது. இரண்டும் நிற்பது போல இருந்தது. அதன் முன்விளக்கு எரிந்திருந்தால், என்று யோசித்ததில் பாதி மறந்துவிட்டது.

கோவிந்தசாமி வீட்டு முகப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். உள்ளே கூப்பிடவில்லை. தண்ணீர் வரவில்லை. அவர் மனைவி சரோஜாம்மா கூடை நிறைய மல்லாட்டையை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) வைத்துக்கொண்டு ஓட்டை உடைத்துப் பருப்பைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் படார் படார் என்று உடைந்தது.

"சொல்லுங்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

"ஒரு ஓணான்ங்க..." என்றேன்.

படார் நின்றது.

அதற்குமேல் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. ஓணானைச் சொன்னேன், அதன் முதுகில் டார்ச்சைக் கட்டினேன், மாமனாரைச் சொன்னேன், மகளிடம் கேட்டதைச் சொன்னேன். பஸ்ஸில் நான் பாட வேண்டியிருந்ததைக்கூடச் சொன்னேன். முடித்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வாழ்நாளில் அதற்கு முன் மொத்தமாக அவ்வளவு பேசியதில்லை.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னாங்க இது" என்றார் கோவிந்தசாமி. "நம்பற மாதிரியா இருக்குது?"

"அதனாலதான் நம்பறேன்" என்றார் சரோஜாம்மா. "சாவ மறைக்கறவன் இதவிட நல்ல பொய்யாச் சொல்லியிருப்பான். திருப்பதிக்கு வேண்டுதல்னு ஒரு வார்த்த சொன்னா நாம கேட்டுகினு இருந்திருப்போம். ஓணான் முதுகுல டார்ச்சு கட்டுனதா எவனாவது புளுகுவானா?"

திருப்பதி! எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை.

"அது மட்டும் இல்ல" என்று அவர் தொடர்ந்தார். "அந்தப் பொண்ணு, அப்பன் கேட்டும் உள்ளத உள்ளபடி சொல்லிச்சு பாரு. நாளைக்கு நம்ம வூட்டுக்கு வர்ற பொண்ணு அதுதான்."

கோவிந்தசாமி இன்னும் யோசனையில்தான் இருந்தார். ஆனால் இப்போது யோசனை வேறாக இருந்தது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "சரிங்க, பெல்ட்டு ஓடுது. லைட்டு வேகம் கூடல. அப்ப பெல்ட்டு ஓடனதுக்குக் கணக்கு எங்க போச்சு? எதுலயாவது வந்து சேரணுமில்ல?"

நான் எத்தனையோ நாள் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டுக்கொண்ட அதே கேள்வி. எனக்கு வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ரெண்டு தட்டு கெடைக்குங்களா?" என்றேன். "கொஞ்சம் தண்ணி."

சரோஜாம்மா உள்ளே போய் இரண்டு தட்டும் ஒரு சொம்பு தண்ணீரும் கொண்டுவந்தார். நான் விரலை நனைத்து சிமென்ட் தரையில் நேராக ஒரு கோடு இழுத்தேன். பிறகு சாய்வாகக் கூரை போல. வெயிலில் முதல் கோடு காய்வதற்குள் இரண்டாவதை இழுக்க வேண்டியிருந்தது. கோவிந்தசாமி குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"நீளமான வழி... வேகம் அதே..." என்று முணுமுணுத்தார். "நேரமா? நேரமா நீளுது?"

"ஆமாங்க."

"அட!" என்றார். காய்ந்துகொண்டிருந்த கோட்டின் மேல் தானே விரலை நனைத்து இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். "இன்னும் சாஞ்சா இன்னும் நீளும்?"

"நீளுங்க."

"சொம்புல கைய வுட்டு அளைஞ்சது போதும்" என்றார் சரோஜாம்மா. "அவரு தொண்ட வறண்டு கெடக்குது. உள்ள வாங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க."

மீசை போகும் வழி

கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. அண்ணனின் உதட்டில் அதற்குள் சீப்புக்கும் அகப்படாத நரைமுள் முளைத்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். ஆனால் அவர் வாயைத் திறக்க வேண்டியே இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற சம்பந்தி முந்திக்கொண்டு, ஓணானில் ஆரம்பித்து, காற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். பந்தியில்கூட இலையில் ரசத்தைத் தொட்டுக் கோடு இழுத்ததாக முருகேசன் சொன்னான்.

மண்டபத்துக்குள் வெளிச்சம் போதவில்லை என்று போட்டோக்காரர் குடும்பத்தை வெளியே வெயிலில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். அந்தப் படம் இப்போது அண்ணன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

போன வாரம் அங்கே போயிருந்தேன். கலை குழந்தையோடு வந்திருந்தாள். அண்ணனுக்குப் பழையபடி மீசை முறுக்கி நிற்கிறது. குழந்தை அதைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கக் கற்றுக்கொள்கிறது. அவர் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார்.

"எல்லாம் வளந்துடுச்சு சேகரு. இது ஒண்ணுதான் மாறாம மொட்டையா நிக்குது. கழட்டிடலாம்னா உங்க அண்ணி வுட மாட்டேங்கறா."

"கழட்டினாலும் பிரயோசனமில்லண்ணே" என்றேன். இப்போதெல்லாம் அவரிடம் நான் கொஞ்சம் பேசுகிறேன். "அன்னிக்கு உங்க மூஞ்சில பட்ட வெயிலு மேலயும் போயிருக்கும் இல்ல? அது இன்னும் போய்க்கினுதான் இருக்கு. சூரியனுக்கு அடுத்தாப்புல இருக்கற நட்சத்திரத்தக்கூட இன்னும் தொட்டிருக்காது. அது போய்ச் சேர்றப்ப அங்கேர்ந்து யாராவது பாத்தா மீசையில்லாமதான் தெரிவீங்க."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். எனக்குப் பாவமாகிவிட்டது.

"அதுக்கு முந்தி பட்ட வெளிச்சம்?" என்று கேட்டார். "சலூனுக்குப் போறதுக்கு முந்தி?"

"அதுவும் போய்க்கினுதாண்ணே இருக்கு. மீசையோட. அதுக்கும் முன்னால."

"பின்னால வர்றது அத எட்டிப் புடிச்சுடுமா?"

"அது எப்படிண்ணே புடிக்கும்? ரெண்டுக்கும் ஒரே வேகம்."

அவர் முகத்தில் வெளிச்சம் பரவியதைப் பார்த்தேன். மீசையின் வலது முனையை மெதுவாக முறுக்கினார். பிறகு இடது முனையை.

"நீ அன்னிக்கே இத சொல்லியிருந்தா, பந்தயத்துல நானே உன் கட்சிக்கு வந்திருப்பனேடா" என்றார்.